கெப்புக்கு மாற்று ஓட்டோ கியர்பெட்டி: அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிப்பது

போன மாசி மாதம் மட்டக்களப்பு வெல்லாவெளியிலிருந்து ஒரு அண்ணன் தன்னுடைய ஹைலக்ஸ் டபள் கெப்பை லொறியில் ஏற்றிக்கொண்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி வந்தார். "பெட்டி இப்பதான் மாத்தினதுகா, மூணு நாளுதான் ஓடின. மறுகா இழுக்குதில்ல" என்றார். டிப்ஸ்டிக்கை உருவி மூக்கடியில் வைத்தேன். கருகிய வாசம். ஒயில் தேநீர்ச் சாயத்தைப் போலக் கறுத்திருந்தது. கீழே படுத்துப் பார்த்தால் பெட்டியின் பக்கத்தில் ஒரு கேபிள் எதிலும் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளைப் பூட்ட அவருடைய எஞ்சினில் இடமே இல்லை. பெட்டியின் குடும்பம் சரி, போல்ட் எல்லாம் சரி, ஆனால் அது வேறு காலத்துப் பெட்டி.

இப்படி வருகிறவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண வேலைக்காக வந்த டபள் கெப்கள் பல, கைமாறிக் கைமாறி இன்றும் நெல் மூட்டையும் மீன் பெட்டியும் ஏற்றுகின்றன. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும்வரை, உள்ளதையே திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே ரீகண்டிஷன் பெட்டி தேடாத கெப் சொந்தக்காரர் குறைவு. கடையில் "என்ன வாகனம், எந்த ஆண்டு?" என்று இரண்டு கேள்விதான் கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் விடை சொல்லி வாங்கினவர்கள்தான் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

உங்கள் வண்டி காட்டுகிற அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கை சுடுகிறது கடைசியில் வரும்.

## அறிகுறி: வண்டி நழுவுகிறது, "பெட்டி மாற்றத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார்கள்

வாங்குவதற்கு முன் ஒரு அரை நாளை இதற்குச் செலவழியுங்கள்.

ஒயில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள பெட்டியென்றால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் விட்டு, எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். டொயோட்டா ஏசி60 போல டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் ஒயில் சூடு 40 டிகிரி அளவில் இருக்கும்போது கீழே உள்ள அளவு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சூடு பார்க்க ஸ்கேனர் வேண்டும், அதனால் அதைக் கராஜில் விடுங்கள்.

பிறகு லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்பு. உள்ளே டி (D, ஓட்டும் நிலை) காட்டும், கீழே பெட்டி டிக்கும் என்னுக்கும் (N, நியூட்ரல்) நடுவில் நிற்கும். இதைச் சரிசெய்தே இரண்டு வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியின் அடியில் உள்ள ஒயில் சட்டியைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம். கறுத்த துகள் கைநிறைய வந்தாலோ உலோகச் சீவல் மினுங்கினாலோ பெட்டி போய்விட்டது. மாற்றுத் தேடத் தொடங்கலாம்.

ஒரு விசயம் கவனமாக இருங்கள். ஓடாத ஓட்டோ வண்டியை உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துவராதீர்கள். பெட்டியின் ஒயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே காய்ந்த உலோகம் உரசும். வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிகுடிவரை இப்படி இழுத்துவந்த ஒரு வண்டியில், திருத்தியிருக்கக்கூடிய பெட்டி வழியிலேயே முடிந்துபோயிருந்தது.

## அறிகுறி: எந்தப் பெட்டி வாங்குவது என்றே தெரியவில்லை

### தகடு இருக்கிறது, வாசிக்க முடிகிறது

எஞ்சின் அறையின் பின்சுவரிலோ சாரதிக் கதவுத் தூணிலோ உள்ள தகட்டைத் தேடுங்கள். அதில் ட்ரான்ஸ், அக்ஸில் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியது. முன்பாதி பெட்டியின் குறியீடு, பின்பாதி பின் அச்சின் குறியீடு.

டொயோட்டாவில் ஏ340ஈ, ஏ340எஃப் என்று வரும். கடைசி எழுத்து ஈ என்றால் பின்சக்கரம் மட்டும் இழுப்பது, எஃப் என்றால் நான்கு சக்கரமும் இழுப்பது. 3 லீற்றர் டீசல் ஹைலக்ஸ் வீகோவில் முதலில் 4 கியர் ஏ340 வந்தது, பிந்தியவற்றில் 5 கியர் ஏ750. 2015இல் வந்த ஹைலக்ஸ் ரெவோவில் 6 கியர் ஏசி60. ஆண்டைச் சொல்லி வாங்கக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: கேயூஎன்26 என்ற ஒரே செசி எழுத்துக்குள் 4 கியரும் இருக்கிறது, 5 கியரும் இருக்கிறது, எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்பதைப் பொறுத்து ஆண்டும் முன்பின்னாகிறது. தகட்டில் மாடல் குறியீடு முழுதாக இருந்தால் சிறு கோட்டுக்கு (-) பின் வரும் மூன்றாம் எழுத்தைப் பாருங்கள். பி (P) என்றால் 4 கியர் ஓட்டோ, ஏ (A) என்றால் 5 கியர் ஓட்டோ, எம் (M) என்றால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மனுவல். எம் உள்ள வண்டியில் இன்று ஓட்டோ பெட்டி இருந்தால் யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள். அந்த வண்டிக்குத் தகட்டை நம்பாதீர்கள்.

நிஸ்ஸானில் ஆர்ஈக்கு அடுத்து வரும் எண் கியரின் எண்ணிக்கை. நவாரா டி40இல் பெரும்பாலும் ஆர்ஈ5ஆர்05ஏ, 5 கியர். அதற்கு அடுத்த டி23இல் 7 கியர். மிட்சுபிஷியில் வி4ஏ51 என்றால் 4, வி5ஏ51 என்றால் 5. அதே வரியில் 4100 என்பதுபோல் நான்கு இலக்கம் இருந்தால் அது அச்சின் விகிதம், 4.100 என்று வாசியுங்கள். ஃபோர்டில் முதல் எண்ணே கியரைச் சொல்லும்: பழைய ரேஞ்சரில் 5ஆர்55எஸ், 2011இலிருந்து வந்த ரேஞ்சரில் 6ஆர்80, பிறகு 2 லீற்றர் இரட்டை டர்போவுக்கு 10ஆர்80. மஸ்டா பிடி-50 அந்தக் காலத்தில் ரேஞ்சரின் உடன்பிறப்பு, பெட்டியும் அதே 6ஆர்80. இசுசு டி-மெக்ஸில் 2012 உருவத்துக்கு 5 கியர், அதே உருவத்தின் பிந்தியவற்றுக்கு 6 கியர். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஒன்றுபோலவே இருக்கும்.

### தகடு துருவேறிவிட்டது

கல்லடியிலும் திருக்கோவிலிலும் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளுக்கு இது சாதாரணம். கம்பித் தூரிகை, அரத்தாள் எதையும் எடுக்காதீர்கள். எழுத்து அச்சுக்குத்தியது ஆழம் குறைவு, உரசினால் போய்விடும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து பத்து நிமிடம் தகட்டின்மேல் ஒட்டவிடுங்கள். துடைத்துக் காயவிட்டு, வெண்கட்டியைப் படுக்கையாக வைத்து மெல்லத் தேயுங்கள். மேட்டில் வெள்ளை ஒட்டும், பள்ளம் கறுப்பாக நிற்கும். டோர்ச்சை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து சரித்து அடித்தால் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியும்.

அதுவும் தோற்றால் செசி இலக்கம். ஹைலக்ஸில் முன் வலப்பக்கச் சக்கரத்தின் அருகே சட்டத்தில் குத்தியிருக்கும், சேற்றைக் கழுவினால் தென்படும். அந்த முழு இலக்கத்தையும் கொடுத்தால் உதிரிப்பாகப் பட்டியல் வைத்திருப்பவர் பெட்டியின் பாக இலக்கத்தை எடுத்துத் தருவார்.

### முன்பு ஒருமுறை பெட்டி மாற்றிய வண்டி

தகடு சொல்வது பிறந்தபோது இருந்த பெட்டியை. இப்போது உள்ளே இருப்பதைப் பெட்டியே சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டியோ ஆணி அடித்தோ ஒரு சிறு தகடு இருக்கும். தகடும் பெட்டியும் ஒன்றையே சொன்னால் வேலை சுலபம். இரண்டும் இரண்டு சொன்னால், வண்டி கடைசியாக நன்றாக ஓடியது எந்தப் பெட்டியோடு என்று சொந்தக்காரரிடம் கேளுங்கள். அதோடு கியரை இயக்கும் கொம்பியூட்டரும் வயரும் எந்தப் பெட்டிக்கானவை என்று பாருங்கள். பெட்டியைக் கொம்பியூட்டருக்குப் பொருத்தமாக எடுப்பதுதான் செலவு குறைந்த வழி.

### பழைய பெட்டி இறக்கியாயிற்று, கடைக்காரர் படம் கேட்கிறார்

இது நல்ல கடைக்காரர். இவரை விட்டுவிடாதீர்கள்.

மூடிப் பார்சல் வந்த கடதாசி மட்டை ஒன்றை எடுத்து, ஒயில் சட்டியின் விளிம்பில் வைத்து அழுத்துங்கள். கையில் அழுக்கு இருக்கும் அல்லவா, அதையே மட்டையின் மேல் தேய்த்தால் விளிம்பும் ஒவ்வொரு போல்ட் துளையும் படம் எடுத்ததுபோல் பதியும். இந்த மட்டை ஒன்றே 4 கியரையும் 5 கியரையும் பிரித்துக் காட்டிவிடும், ஏனென்றால் சட்டியின் உருவம் வேறு. பிறகு எண்ண வேண்டியவற்றை எண்ணுங்கள்: கொன்வேர்ட்டரை (எஞ்சினின் சுற்றை ஒயில் மூலம் பெட்டிக்குக் கொடுக்கும் வட்டக் கூடு) எஞ்சினின் தட்டோடு பூட்டும் போல்ட் எத்தனை, வெளித் தண்டில் பல் எத்தனை, பெரிய வயர்க் கவ்வியில் ஊசி எத்தனை, வேகச் சென்சர் எத்தனை, எந்தப் பக்கம். கேபிள் துளை உண்டா இல்லையா. ஒவ்வொன்றையும் அளவு நாடா பக்கத்தில் தெரியப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதே கோணத்தில் அவருடைய பெட்டியின் படத்தையும் கேளுங்கள். "அண்ணே, பயப்படாதீங்க, எல்லாம் ஒண்டுதான்" என்ற பதில் மட்டும் வந்தால் காசை அனுப்பாதீர்கள்.

## அறிகுறி: பெட்டி எஞ்சினோடு உட்காரவில்லை

### போல்ட் துளையே ஒத்துவரவில்லை

டொயோட்டாவின் ஏ340, ஏ750 குடும்பங்களில் முன்பக்க மணி, அதாவது பெல் ஹவுசிங், தனியாகக் கழரும். ஒரே பெட்டி பெற்றோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் வருவது இந்த மணியை மாற்றித்தான். பெட்டி சரி, மணி மட்டும் வேறு என்றால் பழைய பெட்டியின் மணியைக் கழற்றிப் புதியதில் பூட்டலாம். கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கொன்வேர்ட்டரும் உங்கள் எஞ்சினுக்குரியதாக இருக்க வேண்டும். பெற்றோல் எஞ்சினின் கொன்வேர்ட்டரை டீசலுக்குப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் சுமையோடு ஏற்றத்தில் இழுக்காது, ஒயில் கொதிக்கும்.

மணி கழராத பெட்டி, ஃபோர்டு 6ஆர்80 போன்றது, துளை ஒத்துவராவிட்டால் அது உங்கள் பெட்டியல்ல. அதோடு நிறுத்துங்கள்.

### துளை ஒத்து வருகிறது, ஆனால் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கிறது

இந்த இடத்தில்தான் நல்ல பெட்டிகள் சாகின்றன. இடைவெளியைப் போல்ட்டை இறுக்கி மூடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், மூடாதீர்கள்.

கொன்வேர்ட்டர் உள்ளே முழுதாக இறங்கவில்லை. அது மூன்று இடத்தில் பல்லோடு பல் சேர வேண்டும்: உள்தண்டு, ஸ்டேட்டர், பம்ப். பெட்டியைக் கீழே வைத்து, கொன்வேர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே தள்ளிக்கொண்டே மெல்லச் சுற்றுங்கள். ஒரு முறை "டக்" என்று இறங்கும். இன்னும் சுற்றினால் இரண்டாவது. பலர் இதோடு எழும்பிவிடுவார்கள். மூன்றாவது இறக்கம்தான் பம்பின் காது, சில நேரம் அதற்கு ஐந்து நிமிடம் பொறுமை வேண்டும். முழுதாக இறங்கியதும் மணியின் விளிம்பில் ஒரு நேர்க்கட்டையைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கொன்வேர்ட்டரின் போல்ட் முகம்வரை எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுங்கள். பழைய பெட்டியில் முதலே இதே அளவை எடுத்து வைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம்.

சரியாக இறங்கிய பெட்டி கை அழுத்தத்தில் எஞ்சினோடு முகம் சேரும். போல்ட் இறுக்கிய பிறகும் கொன்வேர்ட்டர் கையால் சுற்றும், தட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீற்றர் விட்டிருக்கும், அதை முன்னால் இழுத்து எடுத்துத்தான் தட்டோடு பூட்டுவோம். கையால் சுற்றவில்லை என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பின் பல் உடையும், உடைந்த துண்டு பெட்டி முழுக்க ஓடும், நீங்கள் வாங்கியது பழைய இரும்பாகிவிடும்.

எஞ்சின் முகத்தில் இரண்டு வழிகாட்டி ஊசிகள் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பெட்டி மயிரிழை சரிந்து உட்காரும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது, பிறகு முன் சீலால் ஒயில் வடியும், சீலை மாற்றினாலும் வடியும்.

## அறிகுறி: பின்சக்கரம் இழுக்கிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை, அல்லது ட்ரான்ஸ்பர் பெட்டி பூட்ட இடமில்லை

ஈக்கும் எஃப்புக்கும் இடையே தவறியிருக்கிறது. பின்சக்கர இழுவைப் பெட்டிக்கு நீண்ட வால் இருக்கும், தண்டு அதற்குள் நீளமாக ஓடும். நான்கு சக்கரப் பெட்டியின் வால் குட்டை, முடிவில் ட்ரான்ஸ்பர், அதாவது இழுவையை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பூட்டும் முகம். வாலை மட்டும் மாற்றிப் பூட்டலாமா என்று கேட்பார்கள். உள்தண்டும் வேறு. பெட்டியை முழுதாகப் பிரிக்காமல் அது நடக்காது, பிரித்துச் செய்யும் கூலிக்குச் சரியான பெட்டியைத் தேடலாம்.

இன்னொரு சிக்கல், ரீகண்டிஷன் பெட்டி பிராடோவிலிருந்து வந்திருக்கலாம். குறியீடு ஏ750எஃப்பாகவே இருக்கும். பிராடோ எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, நம்முடைய ஹைலக்ஸ் லீவர் போட்டால் மட்டும் இழுப்பது. கூடவே வந்த ட்ரான்ஸ்பரைக் கழற்றிவிட்டு உங்களுடைய பழைய ட்ரான்ஸ்பரைப் பூட்ட வேண்டும், அதற்கு இடைத் துண்டும் வெளித் தண்டின் பல்லும் ஒத்துவர வேண்டும். இதை வண்டியில் ஏற்ற முன் தரையில் வைத்துப் பூட்டிப் பாருங்கள். முன் தண்டு எந்தப் பக்கத்தால் போகிறது என்பதையும் அப்போதே பாருங்கள்.

## அறிகுறி: பெட்டி பூட்டியாயிற்று, ஓடுகிறது, ஆனால் விளக்கு மின்னுகிறது, ஒரே கியரில் நிற்கிறது

பயந்து பெட்டியைத் திரும்ப இறக்காதீர்கள். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் நான் கண்டது வயர்க் கவ்வி.

பற்றரி வோல்ட் பாருங்கள், தரை வயர் பூட்டியதா பாருங்கள். பெட்டியை இறக்கி ஏற்றும்போது தரை வயரை மறந்துவிடுவது உண்டு. பெரிய கவ்வியைக் கழற்றி ஊசி ஏதும் மடிந்ததா, உள்ளே ஒயில் நனைந்ததா பாருங்கள். லீவர் நிலையைச் சொல்லும் சுவிச்சை என்னில் வைத்துச் சரிசெய்யுங்கள். பார்க்கிலும் என்னிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும், வேறெங்காவது ஆனால் சுவிச் விலகியிருக்கிறது.

பழைய டொயோட்டாவில் ஸ்கேனர் இல்லாமலே பிழையை எண்ணலாம். எஞ்சின் அறையில் உள்ள பரிசோதனைப் பெட்டியில் டீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியைத் திறந்தால் ஓ/டி ஓஃப் (O/D OFF) விளக்கு மின்னும். முதலில் பத்தின் எண், பிறகு ஒன்றின் எண். 42ம் 61ம் வேகச் சென்சர்கள். 62 முதல் சொலனொயிட் (மின்சாரத்தால் ஒயில் வழியைத் திறந்து மூடும் வால்வ்), 63 இரண்டாவது, 64 கொன்வேர்ட்டரை எஞ்சினோடு நேரே பூட்டும் லொக்கப். 62 வந்தால் உடனே சொலனொயிட் வாங்க ஓடாமல், கவ்வியில் மீற்றரை வைத்து ஓம் பாருங்கள். ஏ340இன் இந்த மூன்றும் 11க்கும் 15க்கும் இடையில் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் பிழை வயரில்.

புதிய வண்டிகளுக்கு ஸ்கேனர். பி0717 உள்வேகச் சென்சர், பி0722 வெளிவேகச் சென்சர். பி0731இலிருந்து பி0736வரை ஏதாவது வந்தால் நின்று யோசியுங்கள். கொம்பியூட்டர் உள்ளே போகும் சுற்றையும் வெளியே வரும் சுற்றையும் ஒப்பிட்டு, "இந்தக் கியருக்கு இந்தக் கணக்கு வராது" என்கிறது. நழுவும் பெட்டியிலும் இது வரும், விகிதம் வேறான பெட்டியிலும் வரும். ஏ340இன் முதல் கியர் 2.804, ஏ750இன் முதல் கியர் 3.520. ஒயில் சுத்தமாக இருந்து, இழுவையும் நன்றாக இருந்து, எல்லாக் கியருக்கும் பிழை காட்டினால் பெட்டி பிழையானது.

வயரை வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏ340இல் மூன்றோ நான்கோ சொலனொயிட்தான், ஏ750இல் ஏழு. நாலை இயக்கத் தெரிந்த கொம்பியூட்டர் ஏழை எப்படி இயக்கும்?

இங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்: நவாராவின் ஆர்ஈ5ஆர்05ஏயில் கியர்க் கொம்பியூட்டர் பெட்டிக்கு உள்ளேயே, ஒயிலை ஒவ்வொரு கியருக்கும் திருப்பிவிடும் வால்வ் பொடியோடு சேர்ந்திருக்கிறது. வேறு வண்டியின் பெட்டியைப் போட்டால் வேறு வண்டியின் மூளையும் கூட வருகிறது. உங்கள் பழைய பெட்டியின் மூளை நல்லதாயிருந்தால் அதை மாற்றிப் போடலாம், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்குரிய மென்பொருளை அதில் எழுத வேண்டும். 6ஆர்80இலும் சொலனொயிட் தொகுதிக்கென்று ஒரு இலக்கம் பெட்டித் தகட்டில் உண்டு, தொகுதி மாறினால் அதைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் அந்தக் கம்பனி வண்டிகளுக்குரிய கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் வண்டியை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதும் சரிதான். தெருவோரச் சின்ன ஸ்கேனரால் பிழையை அழிக்கலாம், எழுத முடியாது.

## அறிகுறி: கியர் இடித்து விழுகிறது, அல்லது மெத்தென்று விழுந்து நழுவுகிறது

ஏ340 குடும்பத்துப் பழைய பெட்டிகளில் எக்சலேட்டரோடு சேர்ந்த ஒரு கேபிள் உண்டு. உள்ளே ஒயில் அழுத்தம் எவ்வளவு என்று அந்தக் கேபிள்தான் சொல்கிறது. பிந்தியவற்றில் கேபிள் இல்லை, ஒரு சொலனொயிட் அந்த வேலையைச் செய்கிறது. குறியீடு இரண்டுக்கும் ஒன்றேதான், ஏ340எஃப்.

கேபிள் இல்லாத வண்டிக்குக் கேபிள் பெட்டி போட்டால் கேபிள் எப்போதும் ஓய்ந்த நிலையில் நிற்கும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பெட்டி "சாரதி மிதிக்கவில்லை" என்றே நினைத்து அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கும். கியர் பட்டுப்போல விழும். ஓட்டுகிறவருக்குச் சந்தோசம்கூட வரும். நாலைந்து மூட்டை ஏற்றினால் உள்ளே உள்ள கிளச் பிளேட் கருகும். வெல்லாவெளி அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

மறுபக்கம், கேபிள் உள்ள வண்டிக்குச் சொலனொயிட் பெட்டி. கொம்பியூட்டர் அந்தச் சொலனொயிட்டுக்கு மின்சாரம் கொடுக்காது, கொடுக்காவிட்டால் அழுத்தம் உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு கியரும் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல விழும்.

கேபிளும் சரி, பெட்டியும் சரி, இன்னும் இடிக்கிறது என்றால் கேபிளின் இறுக்கத்தைப் பாருங்கள், பிறகு ஒயிலின் வகையைப் பாருங்கள். மிட்சுபிஷியின் வி4ஏ51, வி5ஏ51 இரண்டும் எஸ்பி-3 கேட்கும். ஏசி60க்கு டபிள்யூஎஸ். 6ஆர்80க்கு மெர்கொன் எல்வி, 10ஆர்80க்கு மெர்கொன் யூஎல்வி. "எல்லா ஓட்டோவுக்கும் போகும்" என்ற சிவப்பு ஒயிலைப் போட்டு வந்த வண்டிக்கு நான் முதல் செய்வது வடித்துவிடுவதுதான். அதற்குப் பிறகும் குறையாவிட்டால் அழுத்த மீற்றர் பூட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வால்வ் பொடியை வீட்டு முற்றத்தில் திறக்காதீர்கள். உள்ளே உள்ள குண்டுகள் உருண்டு மணலுக்குள் போனால் எது எங்கிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

## அறிகுறி: வேக முள் ஆடவில்லை, அல்லது பிழையாகக் காட்டுகிறது

சென்சரின் கவ்வி, பிறகு சென்சரின் சிறு பல்சக்கரம். பழைய பெட்டியின் பல்சக்கரத்தை எடுத்து எண்ணிப் பார்த்து மாற்றுங்கள். முள் சரி, ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் முன்பைவிடக் கூடச் சுற்றுகிறது என்றால் பின் அச்சின் விகிதத்தைப் பாருங்கள். பெட்டியோடு அச்சையும் மாற்றியவர்கள் முன் அச்சின் விகிதமும் அதேதானா என்று பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் போட்ட அன்று ட்ரான்ஸ்பர் திருகிக்கொள்ளும்.

## அறிகுறி: ஒயில் பால்தேநீர் நிறம்

தண்ணீர் கலந்துவிட்டது. எங்கிருந்து என்று தெரியாமல் புதுப் பெட்டி வாங்கினால் அதற்கும் இதே கதிதான்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் எண்ணெய்ப் பசை மிதந்தால் ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் குளிர்விக்கும் குழாய் ஓட்டையாகியிருக்கிறது. நவாராவின் கூடப்பிறந்த வண்டிகள், அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை விற்ற ஃப்ரொன்டியர், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, இந்தக் கோளாறுக்குப் பேர்போனவை. ரேடியேற்றரை மாற்றுங்கள், அல்லது பெட்டி ஒயிலுக்குத் தனிக் குளிர்விப்பான் வெளியே பூட்டுங்கள்.

ரேடியேற்றர் சுத்தம் என்றால், மாரியில் எந்தத் தண்ணீருக்குள் இறக்கினீர்கள் என்று யோசியுங்கள். பெட்டிக்கு மேலே மூச்சுவிடும் குழாய் ஒன்று உண்டு. சூடான பெட்டி கிரான் பக்கத்து வெள்ளத்துக்குள் சட்டென்று இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், குழாய் நுனி தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். பெட்டி மாற்றும்போது இந்தக் குழாயைக் கழற்றிப் பழையபடி உயரத்தில் பூட்ட மறந்துவிடுகிறார்கள். படுவான்கரையில் ஓடுகிற வண்டிக்குக் குழாயை எஞ்சின் அறையின் மேல்வரை நீட்டிவிடுங்கள், இரண்டு முழ ஹோஸ்தான் செலவு.

அன்றே வடித்து இரண்டு மூன்று தடவை புது ஒயில் மாற்றினால் சில பெட்டி தப்பும். ஒரு கிழமை அப்படியே ஓட்டியதென்றால் பிளேட்டின் பசை விட்டிருக்கும். திறந்து திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகப் பெட்டி மாற்றினாலும், குளிர்விக்கும் குழாய்களை உள்ளே கழுவாமல் புதிய பெட்டியைப் பூட்டாதீர்கள். பழைய பெட்டியின் கருகிய துகள் முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கும்.

## அறிகுறி: பெட்டி பிழை என்று உறுதியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டும்

ஒயிலை வடிக்க முன் பெட்டியின் தகட்டையும், கவ்வியையும், பூட்டிய நிலையையும் படம் எடுங்கள். எதையும் திறக்காதீர்கள். சட்டியின் ஒரு போல்ட்டை அசைத்தாலும் "நீங்க கழட்டிட்டீங்க" என்பார்கள். கொன்வேர்ட்டர் வெளியே விழாமல் மணிக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டியைப் பூட்டி அனுப்புங்கள். உங்கள் பழைய பெட்டி, மணி, ட்ரான்ஸ்பர், கொன்வேர்ட்டர் எதையும் புதிய பெட்டி ஆயிரம் கிலோமீற்றராவது ஓடும்வரை இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். ஒப்பிட உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

ரசீதை வாங்கும்போதே பாருங்கள். பெட்டியின் முழுக் குறியீடு, கேபிள் உண்டா இல்லையா, எந்த எஞ்சினுக்குரிய கொன்வேர்ட்டர், எத்தனை நாள் பரிசோதனைத் தவணை, இந்த நான்கும் கடைக்காரரின் கையெழுத்தில் இருக்க வேண்டும். வெல்லாவெளி அண்ணனின் ரசீதை அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தோம். "ஹைலக்ஸ் ஓட்டோ பெட்டி 1" என்று மட்டும் எழுதியிருந்தது. கடைக்காரரோடு ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் பேசினேன். அவர் பெட்டியைத் திரும்ப எடுக்கவில்லை. அண்ணனின் பழைய பெட்டி இன்னும் அவருடைய மாட்டுக் கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து தகட்டை வாசித்து, சட்டியை மட்டையில் பதித்து, கேபிள் துளை இல்லாத இடத்தை வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பித்தான் இரண்டாவது பெட்டியை எடுத்தோம்.